பலமாக ஒரு தட்டு, மெதுவாக ஒரு தட்டு

வீடு,
ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

இங்கு அம்மா நலம், நான் நலம், பெரியவன் எங்கிருந்தாலும் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது.

போன தடவை அந்த மூன்றாவது ஆளை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். வாசித்துக் காட்டியதும் அம்மா, "ஒரு ஆளை எங்கடா முழுங்கின?" என்று வேறு தாள் எடுக்க வைத்துவிட்டாள். அண்ணன் வீட்டை விட்டுப் போய் இத்தனை வருஷம் ஆகிறது. இன்னும் நம் கடிதத்தின் முதல் வரியில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கட்டிடத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருப்பவன் அவன் ஒருவன்தான்.

கட்டிடம் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். இதை இடிக்கப் போகிறார்கள். மே மாதக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று ஓனர் வந்து சொல்லிவிட்டார். நான் லிஃப்ட் பார்க்கிற ஒரு கட்டிடத்திலேயே நாலாவது மாடியில் வீடு பேசிவிட்டேன். அம்மாவின் முழங்காலுக்குப் படியே வேண்டாம். லிஃப்ட் நின்றாலும் வீட்டிலேயே மெக்கானிக் இருக்கிறான். இதைவிட என்ன வேண்டும்?

அம்மா வரமாட்டேன் என்கிறாள். "நான் வந்துட்டா, பெரியவன் வந்து தட்டும்போது யாரு திறப்பா?" இதே ஒரு கேள்விதான். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம், அம்மா நகரமாட்டாள். படித்த பிள்ளை சொன்னால் கேட்பாள், நீ எழுது.

உன் இடத்தில் கைபேசியே கூடாது. ஆபீஸ் போன் அடித்தாலே எழவுச் செய்திதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மெயில் அனுப்பினால் அம்மா அதைக் கடிதம் என்றே ஒத்துக்கொள்வதில்லை. அதனால் தாளும் பேனாவுமாக நான் படும் பாட்டைப் பார். "அப்படி என்னத்தடா அங்க உக்காந்து கேக்குறா?" என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உன் தம்பி


ஆய்வுக்கூட விடுதி,
ஜனவரி 21

அன்புள்ள தம்பி,

இருமல் போய்விட்டது, நன்றாக இருக்கிறேன். அம்மா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாளா, இல்லை உன்னிடம் கொடுத்ததாகச் சொல்கிறாளா?

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மௌனச்சாமி. பேச்சுச் சத்தம் அவரை ஒன்றும் செய்யாது, ரேடியோ அலைதான் ஆகாது. கேன்டீனில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பைக்கூடக் கம்பிக் கூண்டில் அடைத்துப் பூட்டி வைத்திருக்கிறார். ஏனென்றால் நாங்கள் கேட்கும் சத்தம் அவ்வளவு மெல்லியது.

அம்மாவுக்கு இப்படிச் சொல். எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துப் போய், மிஞ்சியது சுருங்கி ஒரு ஊர் அளவுக்கு ஆகிவிட்டது. எடை மட்டும் சூரியனைவிட அதிகம். நியூட்ரான் நட்சத்திரம் என்று பெயர். அது பம்பரமாகச் சுற்றுகிறது. கலங்கரை விளக்கின் வெளிச்சம் போல அதன் ரேடியோக் கற்றை நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் எங்கள் பெரிய ஆன்டெனாத் தட்டில் ஒரு துடிப்பு விழும். அதற்குப் பக்கத்தில் ஒரு கருந்துளை இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரம் எதையோ சுற்றிச் சுற்றி வருகிறதே, அதை வைத்துத்தான் அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

அவ்வளவு கனம் பக்கத்தில் இருந்தால் பம்பரத்தின் அச்சு மெல்லச் சாயும் என்கிறது ஈர்ப்பு விசைக் கோட்பாடு. சாய்ந்தால் கற்றை நம்மை விட்டு விலகி, ஒருநாள் துடிப்பு கேட்காமலே போகும். பழைய கோட்பாடு சரியென்றால் இந்தக் கோடைக்குள் போய்விடும். புதிதாக ஒருவர் வேறு கணக்கு சொல்கிறார். அது சரியென்றால் இன்னும் பல வருஷம் கேட்கும். மௌனச்சாமியும் நானும் பழைய கட்சி. அது நிற்க வேண்டும் என்று காத்திருப்பதுதான் எனக்குச் சம்பளம்.

அந்தத் துடிப்பைச் சத்தமாக மாற்றிப் பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். உன் ரேடியோப் பெட்டியில் செருகி அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. நிஜத்தில் படு வேகம், நான்தான் காதுக்கு இதமாக மெதுவாக்கினேன். அதன் இரண்டு முனையிலிருந்தும் வருவதால் ஒன்று பலமாகவும் ஒன்று மெலிந்தும் கேட்கும்.

வீட்டு விஷயத்துக்கு ஒரு யோசனை. கதவில் புது விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டு வரலாமே?

அக்கா


வீடு,
பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

அம்மா நலம், நான் நலம், பெரியவன் எங்கிருந்தாலும் நலம். நீயும் அப்படியே இரு.

முதலில் உன் யோசனைக்கு அம்மாவின் பதில். "இடிச்சுப் போட்ட கதவுல எதை ஒட்டுவாளாம்?" அவ்வளவுதான்.

அடுத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டாய் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பென் டிரைவைச் செருகி, "உன் மக பிடிச்ச நட்சத்திரம் பாரு" என்று பட்டனை அமுக்கினேன். டொக். டக். டொக். டக். அவ்வளவுதான். அம்மா எழுந்தாள். சுவரைப் பிடிக்காமல் நடக்காதவள், விறுவிறுவென்று போய்த் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தாள்.

படியில் யாரும் இல்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். "ஏன்டா, தட்டிட்டு எங்க போனான்?" என்றாள்.

"அது ரேடியோம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? பலமா ஒண்ணு. ஐயையோ, அப்பா முழிச்சுக்குவாரேன்னு அடுத்தது மெதுவா ஒண்ணு. வேற யாருடா அப்படித் தட்டுவா?"

அவள் சொல்லும்வரை எனக்கு அது நட்சத்திரம்தான். சொன்ன பிறகு வேறு எதுவாகவும் கேட்க முடியவில்லை.

கோபித்துக்கொண்டு போனவன் வரமாட்டான், எத்தனை நாள் கதவைப் பார்ப்பாய் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். "போறேன்னா சொல்லிட்டுப் போனான்? வரேன்னுதானே சொன்னான்" என்றாள். தண்ணீர் கேன் போடுகிறவர்கூட வரேன்னுதான் சொல்லிவிட்டுப் போகிறார், அதற்கென்ன என்றேன். "அவரு வர்றாரில்ல?" என்கிறாள்.

தம்பி


விடுதி,
பிப்ரவரி 15

அன்புள்ள தம்பி,

நான் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே பதிவைக் கேட்டேன். பாதியில் கழற்றி வைத்துவிட்டேன். அப்பா திட்டிக்கொண்டே படுக்கப் போவதும், நாம் மூச்சுக் காட்டாமல் இருப்பதும், வெளியில் அவன் நிற்பதும் அப்படியே வந்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் வாசிக்காதே. எவ்வளவு மெதுவாக்கினாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில், சரி, இதுதான் என்று பட்டது, நிறுத்தினேன். எதற்குச் சரி என்று நான் யோசிக்கவில்லை. இத்தனை வருஷமும் அவன் தட்டு என் காதுக்குள் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல் நட்சத்திரத்தை அதற்குத் தகுந்தமாதிரி இழுத்துப் பிடித்திருக்கிறேன். கேட்க ஆசைப்படுவதைக் கேட்காதே என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லித் தருகிறேன். நல்ல லட்சணம்.

அதை எடுத்து எங்காவது ஒளித்து வை. பெட்டி கெட்டுப்போனது என்று சொல். அம்மா மறுபடி மறுபடி போய்க் கதவைத் திறப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இங்கே மெலிந்த துடிப்பு இன்னும் மெலிந்துகொண்டு வருகிறது. மௌனச்சாமி விசில் அடித்துக்கொண்டு திரிகிறார்.

அக்கா


வீடு,
மார்ச் 2

அன்புள்ள அக்கா,

அம்மா நலம். நான் சுமார். பெரியவன் எங்கிருந்தாலும் நலம்.

ஒளித்து வைப்பதா? பூனைக்கு யார் மணி கட்டுவது? பெட்டி அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. ஆனால் பயப்படாதே, இப்போது அவள் கதவைத் திறக்கப் போவதில்லை. உட்கார்ந்து கேட்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. கீழ்வீட்டுக்காரர்களும் எதிர்வீட்டுக்காரர்களும் காலி செய்துவிட்டார்கள். படியில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே திரும்பி வருகிறது. ஒருநாள் பெட்டி அணைந்திருக்கும்போதும் படிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது போல் இருந்தது. காலி வீட்டு ஜன்னல் காற்றில் அடித்திருக்கும்.

இப்போது புதுக் கதை கேள். அது சீக்கிரம் நின்றுவிடும் என்று நீ எழுதியிருந்ததை அம்மா மனசில் வைத்திருக்கிறாள். "அது எப்ப நிக்கும்?" என்று கேட்டாள். இந்தக் கோடைக்குள் என்றேன். "சரி. அது தட்டுறத நிறுத்திட்டா நானும் கிளம்பிடுறேன். அதுவரைக்கும் என்னை அசைக்காதே" என்றாள்.

பென் டிரைவில் அது எப்போதும் தட்டிக்கொண்டேதானே இருக்கும் என்று மடக்கப் பார்த்தேன். "பெட்டியில இருக்கிறது பழசுடா. மேல தட்டுறது நின்னுச்சான்னு அவ சொல்லட்டும்" என்கிறாள். உன்னைவிட அவள்தான் விஞ்ஞானி.

ஆக, நம் வீடு காலியாவது இப்போது உன் கோட்பாட்டின் கையில் இருக்கிறது. மே கடைசியில் இடிக்கிற இயந்திரம் வந்து நிற்கும். அதற்குள் நட்சத்திரம் நிற்காவிட்டால் அம்மாவைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. உன் மௌனச்சாமியிடம் சொல்லிக் கொஞ்சம் சீக்கிரம் பார்.

தம்பி


விடுதி,
மார்ச் 18

அன்புள்ள தம்பி,

நலம். மூவரும் நலம் என்ற செய்தி கிடைத்தது, சந்தோஷம்.

மெலிந்த துடிப்பு போய்விட்டது. போன வாரம் இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது. இந்த வாரம் சண்டை போட ஒன்றும் இல்லை. பலமானது மட்டும் கேட்கிறது. அதுவும் பழைய பலம் இல்லை.

அம்மாவுக்கு இதைப் பார்த்துச் சொல். ஒரு தட்டு மட்டும் என்றால் அவளுக்கு என்ன தோன்றும் என்று தெரியவில்லை. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அப்பா காலமான பிறகு அவன் எதற்கு மெதுவாகத் தட்ட வேண்டும்? பைத்தியம்தான். மத்தியான வெயிலில், நாலு பேர் கூட இருக்கும்போதே இப்படித் தோன்றுகிறது.

இது நிற்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவள் நான். இப்போது ஒவ்வொரு தடவையும் அது கேட்கும்போது அப்பாடா என்று இருக்கிறது. நின்றால் அம்மா கிளம்புவாள், நிற்காவிட்டால் உனக்குத் திண்டாட்டம். தெரிந்தும் இப்படி இருக்கிறது. உடனே பதில் போடு.

அக்கா


விடுதி,
ஏப்ரல் 12

அன்புள்ள தம்பி,

நலமா? இது வெறும் மரியாதைக்குக் கேட்பதில்லை. உன்னிடமிருந்து பதிலே இல்லை. கடிதம் தொலைந்ததா? அம்மாவுக்கு ஏதாவது உடம்புக்கு முடியவில்லையா?

நேற்று ஆபீஸ் போன் அடித்தது. நான் நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கேன்டீனுக்குக் காய்கறி போடுகிறவர், வண்டி தாமதம் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்கு நான் நன்றி சொன்னேன், மனிதர் குழம்பிப்போயிருப்பார்.

துடிப்பு இன்னும் கேட்கிறது. இரண்டு வரி எழுது, போதும்.

அக்கா


வீடு,
ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

இங்கு அம்மா நலம், நான் நலம். உன் நலத்தை எழுதவும்.

வேலையாக வெளியூர் போயிருந்தேன், அதனால்தான் தாமதம். துறைமுகம் இருக்கிற ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு லிஃப்ட். கீழ்த்தளம் வரை போகிறது. கீழே ரொம்பக் குளிர். ஸ்வெட்டர் எடுத்துப் போயிருக்கலாம்.

ரேடியோப் பெட்டி கரகரவென்று இருந்ததால் பழுது பார்க்க அதையும் கூடவே எடுத்துப் போயிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. ஆனால் அம்மா போடச் சொல்லவில்லை. மெலிந்தது போய்விட்டது என்று சொன்னேன். "ம்" என்றாள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


விடுதி,
ஏப்ரல் 29

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். முதல் வரியில் ஒரு ஆள் குறைகிறது. ஒரு கேலி இல்லை, ஓனரைத் திட்டவில்லை, மௌனச்சாமியை விசாரிக்கவில்லை. உங்கள் கம்பெனி உன்னை வெளியூருக்கு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கெட்டுப்போன பெட்டியை யாராவது ஊர்விட்டு ஊர் தூக்கிக்கொண்டு போவார்களா?

அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் போட்டுவிட்டாயா? வாசித்திருந்தால் வேறு தாள் எடுக்க வைத்திருப்பாளே.

உன்னை அதட்டிக் கேட்கவில்லையடா. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பக்கத்தில் இருந்தால், தெரிவது தடுமாறும். என் பிழைப்பே அதைப் பார்ப்பதுதான். நீ தடுமாறுகிறாய். உன்னால் எழுத முடியாவிட்டால், அந்த முதல் வரியை மட்டும் முழுசாக எழுதி அனுப்பு. நான் நம்பிவிடுகிறேன்.

அக்கா


வீடு,
மே 14

அக்கா,

அம்மா நலம், நான் நலம். மூன்றாவதை எழுதப் பேனா வரவில்லை.

துறைமுகத்திலிருந்து எங்கள் கம்பெனிக்குப் போன் வந்தது. சரக்கு இறக்கும் இடத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், உங்களிடம் வேலை பார்க்கும் மெக்கானிக்கின் அண்ணன் என்று கூட இருந்தவர் சொல்கிறார் என்றார்கள். போனேன். அந்தக் கீழ்த்தளம்தான். துணியை விலக்கினார்கள். அப்பா மாதிரியே ஆகிவிட்டான் அக்கா. அந்த முகத்துக்குப் பயந்து ஓடினவன், அதே முகத்தோடு படுத்திருந்தான். அங்கேயே எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டேன். உனக்கும் சொல்லாமல் முடித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

கூட வேலை செய்தவர் சொன்னார்: "ஊர் பேரு வாயில வராது. ஆனா உங்க கம்பெனி பேரைச் சொல்லி, தம்பி அங்க லிஃப்ட் மெக்கானிக், தங்கச்சி நட்சத்திரம் பாக்குற படிப்புன்னு பெருமையா சொல்லுவாரு." நான் மெக்கானிக் ஆனது அவன் போன பிறகுதானே? நீ அந்தப் படிப்பில் சேர்ந்ததும் அவன் போன பிறகுதானே? யார் சொன்னது அவனுக்கு? எத்தனை தடவை நம் தெருவுக்கு வந்து, யாரிடமோ விசாரித்துவிட்டு, படியேறிக் கதவுவரை வந்து, தட்டாமல் திரும்பியிருப்பான்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கமே இல்லை.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. பெட்டியை நான் எடுத்துப் போனது, நான் இல்லாதபோது அம்மா தனியாக உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டாம் என்றுதான். திரும்பி வந்து படியேறினேன். சாவியைக் கையில் எடுத்தேன். நுழைக்கும் முன்பே கதவு திறந்தது. அம்மா நின்றாள். "தட்டினது நீயா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நான் தட்டவில்லை அக்கா. பெட்டி என் பைக்குள் இருந்தது, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருந்தேன். கட்டிடத்தில் நம்மைத் தவிர ஒரு குடியும் இல்லை.

நீ கேட்டாயே, போன கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துத்தான் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கவனிக்கவில்லை போல. அவளிடம் எப்படிச் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நீ எழுதேன். ஆனால் அதையும் நான்தானே வாசிக்க வேண்டும்.

தம்பி


விடுதி,
மே 23

அன்புள்ள அம்மா,

நான் நலம். முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தம்பி இதை நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும்.

நீ கேட்டிருந்தாய் அல்லவா, மேலே தட்டுவது எப்போது நிற்கும் என்று? நின்றுவிட்டது அம்மா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆன்டெனாத் தட்டை அதன் பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. கருவியெல்லாம் சரிபார்த்தோம். மறுநாளும் உட்கார்ந்தோம். ஒன்றும் இல்லை. பழைய கோட்பாடு சொன்ன கெடுவுக்குள் போய்விட்டது. ஒன்றுமே கேட்கவில்லை என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். மௌனச்சாமி கேன்டீன் கூண்டைத் தன் கையாலேயே திறந்து, எல்லாருக்கும் டீ சுடவைத்துக் கொடுத்தார். நானும் கைதட்டினேன். அப்புறம் முகம் கழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே இருந்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

அது செத்துவிட்டதா என்று கேட்பாய். இல்லை அம்மா. எப்போதும் போலத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது, எப்போதும் போலத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கனம் அதைச் சாய்த்துவிட்டது, முகம் நம் பக்கம் இல்லை. அவ்வளவுதான். இப்போது அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அங்கே யாராவது இருந்தால், அவர்களுக்கு இனிமேல்தான் கேட்க ஆரம்பிக்கும். சுற்றி வந்து மறுபடியும் ஒருநாள் நம் பக்கம் திரும்பும் என்றும் கணக்கு சொல்கிறது. அப்போது கதவைத் திறக்க நீயும் இருக்க மாட்டாய், நானும் இருக்க மாட்டேன்.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். கிளம்பிவிடு அம்மா.

மீதி ஒன்று இருக்கிறது. அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. தம்பி சொல்வான்.

உன் மகள்


புது வீடு, நாலாவது மாடி,
ஜூன் 3

அன்புள்ள அக்கா,

அம்மா நலம், நான் நலம். மிச்சத்தைக் கடைசியில் எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

உன் கடிதத்தை நிதானமாகத்தான் வாசித்தேன். நீ அழுத இடத்தில் அம்மா என்னை நிறுத்தி, "தனியாவா அழுதா?" என்று கேட்டாள். நட்சத்திரம் வந்த இடத்தில், "செத்துப்போகல, திரும்பிக்கிச்சு. அதானே எழுதியிருக்கா? இன்னொரு தடவை வாசி" என்றாள். வாசித்தேன். கடைசி வரிக்கு வந்தேன். "தம்பி சொல்வான்" என்பதை வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன்.

அம்மாதான் பேசினாள். "அன்னிக்குத் தட்டினது நீ இல்லடா."

நான் மடித்த தாளை மறுபடி பிரித்தேன்.

"உன்கிட்ட சாவி இருக்கு. நீ என்னிக்குத் தட்டியிருக்க? பலமா ஒண்ணு, மெதுவா ஒண்ணு. கதவைத் திறந்தா நீ நிக்கிற, மூஞ்சி செத்துப் போயிருக்கு. அப்பவே புரிஞ்சுபோச்சு. அப்புறம் லெட்டர் எழுதி வாசிச்சே, ஒரு ஆளை விட்டுட்டே. நான் வேற தாள் எடுக்கச் சொன்னேனா?"

"ஏம்மா அப்பவே கேக்கல?" என்றேன்.

"பெரியவன் வந்து சொல்லிட்டுப் போயிட்டான். நீ எப்ப சொல்லுவேன்னுதான்டா இத்தனை நாளா உக்காந்திருந்தேன். கதவுக்காகன்னா நினைச்ச?"

அப்போதுதான் சொன்னேன் அக்கா. எல்லாவற்றையும் சொன்னேன். கீழ்த்தளம், குளிர், அப்பா முகம், உன்னையும் என்னையும் பற்றி அவன் பெருமையாகப் பேசியது, எல்லாம். அம்மா அழுதாள். நானும் அழுதேன். நான் சின்னப்பிள்ளையில் அழுத மாதிரி அழுதேன், அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "சாமானைக் கட்டு" என்றாள்.

மறுநாள் காலை கிளம்பினோம். வண்டியில் எல்லாம் ஏற்றியாயிற்று. நான் பூட்டை எடுத்தேன். "பூட்டாதே" என்றாள். இடிக்கப்போகிற வீடுதானே என்று விட்டுவிட்டேன். அம்மா வெளியே நின்று கதவைச் சாத்தினாள். பிறகு விரலை மடக்கிப் பலமாக ஒரு தட்டு, மெதுவாக ஒரு தட்டு தட்டினாள். "வரேன்" என்றாள். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள், ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கதவு சாத்தியபடிதான் இருந்தது.

பென் டிரைவை இத்துடன் வைத்திருக்கிறேன், அம்மா உன்னிடமே அனுப்பச் சொன்னாள். "அவகிட்ட இருக்கட்டும். அவளும்தானே இத்தனை வருஷமா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா" என்றாள். அந்த மெதுவாக்கிய விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சத்தியம்.

இங்கே லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. ஒருமுறை லீவு போட்டுவிட்டு வா.

இதை வாசித்துக் காட்டினேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். "மேல மிச்சம் கடைசியிலன்னு எழுதினியே, அதை எழுதினியா?" என்கிறாள். எழுதத்தான் வேண்டுமா அம்மா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்கிறாள், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எழுதுடா. பெரியவன் எங்கிருந்தாலும் நலம்."

தம்பி